ஏரிக்கடியில் கேட்ட தட்டல்

மூன்று வருடங்களுக்கு முந்திய ஒரு ஒக்டோபர் ஞாயிற்றுக்கிழமை. லண்டனிலிருந்து ஒரு மணித்தியால ஓட்டத்தில், கல் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நிரம்பி ஏரியாகிப்போன ஓர் இடம். காலையிலிருந்தே வெளிச்சம் என்று ஒன்று வரவில்லை. அந்த ஏரிக்கரையில், என் கையால் கட்டிய நீர்மூழ்கிக் கப்பலை ட்ரெய்லரில் வைத்துக்கொண்டு நின்றேன்.

சிரிக்க வேண்டாம், உண்மையான நீர்மூழ்கிதான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இந்த நாட்டுக்கு வந்து பெற்றோல் நிலையத்தில் நின்று, பிறகு வெல்டிங் பழகி, இன்றைக்குக் கிழக்கு லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் சொந்தமாக வேர்க்‌ஷொப் வைத்திருக்கிறேன். ஈஸ்ட் ஹாமில் எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் இரும்புக் கதவைத்தான் பார்ப்பேன். பாதி என் வேலை. படித்தவர்கள் நடக்காது என்று சொன்ன காரியங்களைத் தேடிப் பிடித்துச் செய்வது என் குணம்.

ஒருமுறை உடைப்பதற்காகப் பழைய எரிவாயுத் தாங்கி ஒன்று வந்தது. நல்ல தடிப்பான இரும்பு. வெட்ட மனம் வரவில்லை. அதற்குள் இரண்டு இருக்கை போட்டேன். ஃபோர்க்லிஃப்ட் பட்டரி, மோட்டார், மேலே வட்டக் கதவு என்று நாலு வருடம் இழுத்தது.

கட்டுவதைவிடப் பதிவதுதான் பெரும்பாடு. பதியாமலும் விட்டிருக்கலாம். ஆனால் சட்டப்படி என் பெயரில் ஒரு கப்பல் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பதிவு அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். அந்தப் பெண், இது தண்ணீருக்கு மேலே போவதா, கீழே போவதா என்று கேட்டாள். இரண்டும் என்றேன். கடைசியில் அளவெடுக்க ஒரு வயதான வெள்ளைக்காரர் வந்தார். நாடா பிடித்து அளந்து முடித்தபின், இது தன் வேலை இல்லை என்று சொல்லிக்கொண்டே ஒரு புத்தி சொன்னார். வயிற்றுப் பக்கம் பெரிய ஈயக் கட்டை ஒன்றைப் பூட்டு, ஆபத்தென்றால் உள்ளே இருந்தபடி கைபிடியைத் திருப்ப அது கழன்று விழ வேண்டும், பாரம் குறைந்து கப்பல் மேலே வரும் என்றார். எனக்கே படிப்பிக்கிறாரா என்று கோபம் வந்தது. ஆனாலும் பூட்டினேன். பதிவு இலக்கம் வந்ததும் உளி பிடித்து நானே இரும்பில் வெட்டினேன். அன்று தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் போன் எடுத்துச் சொன்னேன்.

தொழில் தொடங்கிய முதல் நாளிலிருந்து என்னோடு நின்றவன் என் கூட்டாளி. அந்தக் கப்பலின் வெளிப்பக்க வெல்டிங் முழுக்க அவன் கைவேலை. உள்ளே மட்டும் ஒருநாளும் தலையை நீட்டியதில்லை. இடுப்பு நோவாக்கும் என்று நான் நினைத்திருந்தேன்.

ஏரிக்கரையில் சொந்தக்காரர்கள் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். கூட்டாளி என் காதோடு சொன்னான்.

“மச்சான், நீ போட்டு வா. நான் கரையிலை நிண்டு கயிறு பிடிக்கிறன்.”

“கயிறு பிடிக்க இதென்ன மாடோ? பின் சீற் உனக்கெண்டுதான் போட்டனான்.”

“எனக்கு ஏலாது மச்சான்.”

“தலைகீழாத் தொங்கி வெல்ட் பண்ணுவாய், இதுக்குள்ளை இருக்க ஏலாதோ? சனம் பாத்துக்கொண்டு நிக்குது, ஏறடா.”

அவன் சனத்தைப் பார்த்தான். பிறகு ஏறி உள்ளே இறங்கினான்.

புதுக் கார் வாங்கினால் தேசிக்காயைச் சில்லுக்கடியில் வைத்து நசுக்காமல் எங்கள் ஆட்கள் ஓடமாட்டார்கள். நீர்மூழ்கிக்குச் சில்லு இல்லை. அதனால் தேங்காயைக் கரையில் உடைத்துவிட்டு, கற்பூரத்தை உள்ளே கொண்டுபோய்ச் சுவிட்சுகளுக்கு முன்னால் காட்டினேன். மேலிருந்து மனைவி அவசரப்படுத்தினாள்.

“இஞ்சாருங்கோ, நாலரைக்கு ராகு காலம். அதுக்கு முன்னம் மூடி இறக்குங்கோ.”

கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. சாமிக்குக் காட்டிய கற்பூரத்தை ஊதி அணைக்கக் கூடாது, தானாக அணைய வேண்டும். எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம். நேரமோ போய்விட்டது. கற்பூரத் தட்டை இருக்கைக்கடியில் தள்ளிவிட்டுக் கதவை மூடித் திருகினேன்.

இறங்கினோம். கண்ணாடிக்கு வெளியே தண்ணீர் முதலில் பச்சையாக இருந்தது, பிறகு கறுத்தது. ஒரு சொட்டுக்கூட உள்ளே வரவில்லை. “பாத்தியா மச்சான்” என்று திரும்பிச் சொன்னேன். அப்போதுதான் மணந்தது. கற்பூர மணம் இல்லை. இருக்கைக்கடியில் ஒயில் துடைத்த துணி ஒன்று கிடந்து பற்றியிருக்கிறது. காலால் மிதித்தேன், புகை இன்னும் கூடியது. டோர்ச் அடித்தால் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பட்டரிக் காஸும் சேர்ந்து வெடித்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்கமாட்டேன்.

பின்னால் தட்டல் தொடங்கியது. இரண்டு கையாலும் இரும்பில் அடித்தான். கூடவே ஒரு குரல். இத்தனை வருடமாக எனக்குத் தெரிந்த அவன் குரல் இல்லை அது.

“டிரைவர், திற. டிரைவர், ஆள் சாகுது, திற.”

என்னைத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன். “பொறடா, பொறடா” என்று கத்திக்கொண்டு, கப்பலை மேலே எழுப்பும் காற்று வால்வைத் தேடினேன். என் கையால் பூட்டிய வால்வு, என் கைக்கு அகப்படவில்லை. அகப்பட்டது முழங்காலடியில் இருந்த அந்த ஈயக் கட்டையின் கைபிடிதான். திருப்பினேன். கட்டை கழன்று விழ, கப்பல் எங்களைத் தூக்கிக்கொண்டு மேலே போனது. கதவைத் திறந்தபோது நல்ல மழை. அவன் நினைவில்லாமல் கிடந்தான். கைமுட்டிகளில் தோல் இல்லை.

ஆஸ்பத்திரியில் என்னைக் கெதியாக விட்டுவிட்டார்கள். அவனை ஒக்சிஜன் போட்டு மறித்து வைத்தார்கள். பிழைப்பானா என்று சொல்ல ஒருவரும் இல்லை. அவன் மனைவி வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தாள். ஏசுவாள் என்று குனிந்துகொண்டிருந்தேன். ஏசவில்லை. அவன் டிரைவர், டிரைவர் என்று கத்தினதை மட்டும் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“அண்ணை, அவர் உங்களுக்கு ஒருநாளும் சொல்லேல்லையே? இந்த நாட்டுக்கு லொறிப் பெட்டிக்குள்ளைதான் வந்தவர். வெளியாலை பூட்டிப்போட்டாங்கள். காத்து இல்லாமல் எல்லாரும் தட்டினவையாம். டிரைவர் நிப்பாட்டேல்லை. பக்கத்திலை இருந்த ஒராள் இவரின்ரை மடியிலைதான் செத்தது.”

கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னாள். “இண்டைக்கும் சுரங்க ரெயின் ஏறமாட்டார். எவ்வளவு தூரமெண்டாலும் பஸ்தான்.”

அந்த பஸ்ஸை வைத்து நான் அவனை எத்தனை தரம் நையாண்டி பண்ணியிருப்பேன். காசு மிச்சம் பிடிக்கிறான், கஞ்சன் என்று வேர்க்‌ஷொப் முழுக்கச் சிரித்திருக்கிறோம். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

அவன் பிழைத்தான். ஆனால் மூச்சு பழையபடி வரவில்லை. வேலைக்கும் வரவில்லை. நல்லநாள் பெருநாளுக்கு வீட்டுக்கு வருவான், தேத்தண்ணி குடிப்பான், மழையைப் பற்றிக் கதைப்பான், போவான். அந்த நாளைப் பற்றி ஒரு சொல் இல்லை. கப்பல் வேர்க்‌ஷொப் முற்றத்தில் தறப்பாள் மூடிக் கிடக்கிறது. பதிவு இன்னும் என் பெயரில்தான்.

இந்த நாட்டுக்கு நான் பிளேனில், வேறு ஒருவனின் பாஸ்போட்டில் வந்து இறங்கிய கதையை, கலியாண வீடு, கோயில் என்று எங்கெல்லாமோ ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறேன். அத்தனை தரமும் அவன் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறான். நீ எப்படியடா வந்தனீ என்று ஒரு தரமும் நான் கேட்டதில்லை. இப்போது அவன் எதிரே வந்து இருக்கும் நேரமெல்லாம் அந்தக் கேள்வி தொண்டை வரைக்கும் வருகிறது. கையில் எடுத்த எந்த வேலையிலும் தோற்காத எனக்கு, அதை எந்தச் சொல்லில் தொடங்குவது என்று மட்டும் இன்றுவரை தெரியவில்லை.