கிருபைக்கனி பேசாத நாற்பது நாள்

எனக்கும் கிருபைக்கனிக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். அதுவும் ஒற்றைச் செங்கல் சுவர். கோவில்பட்டியில் அந்த வரிசை வீடுகளைக் கட்டிய புண்ணியவான் சிமெண்டை மிச்சம் பிடித்தார். பன்னிரண்டு வருடம் அனுபவித்தது நான்.

தொண்ணூற்றொன்றில் குடிவந்தோம். மறுநாள் விடியக்காலம் ஐந்தரை மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுச் சத்தம். "என்ன, கேட்டீரா? நேத்தும் குழாய்ல தண்ணி வரல. பத்து நாளாச்சு. நீரும் சும்மா இருந்தா நான் யார்ட்டப் போய்ச் சொல்ல?"

புருஷன் செத்து மூன்று வருடமாகிறது, ஒண்டியாக இருக்கிறாள் என்றுதானே சொன்னார்கள்? யாரிடம் பேசுகிறாள்? என் வீட்டுக்காரர் பூவனநாதனை உலுக்கி எழுப்பினேன். அவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "அவிய சர்ச்சுக்குப் போற வேதக்காரவிய. ஆண்டவர்கிட்டப் பேசுதாவ. நீ படு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சாமியிடம் பேசுவதென்றால் ஒரு மட்டு மரியாதை வேண்டாமா? இவள் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டே பேசுவாள். பசை கெட்டியாகிவிட்டால் அதையும் சொல்வாள். முழங்கால் வலி, அரிசியில் கிடந்த கல், பசுவந்தனையில் கட்டிக்கொடுத்த மகள் கடிதம் போடாதது, ஒன்றையும் விடமாட்டாள். ஒருநாள் என் காதுபடவே கேட்கிறாள்: "ஆண்டவரே, பக்கத்து வீட்டு செண்பகவல்லி தொட்டதுக்கெல்லாம் எரிஞ்சு விழுதா. அவளுக்குக் கொஞ்சம் பொறுமையைக் குடும்."

எனக்கு வந்ததே கோபம்! டம்ளரால் சுவரில் தட்டி, "ஏட்டி, எனக்கு வேணுங்கிறதை எங்க அம்மன்கிட்ட நானே கேட்டுக்கிடுதேன். நீ உன் சோலியைப் பாரு" என்று கத்தினேன். அந்தப் பக்கம் அவள் ஆண்டவரிடமே, "பார்த்தீரா? நான் சொன்னேம்லா?" என்றாள்.

சண்டை போட்டே சிநேகிதமானோம். என் தலைவலிக்கு அவள் சுக்கு அரைத்துப் போடுவாள். அவள் ஒட்டிய பெட்டிகளை நான் வெயிலில் காயவைப்பேன். விடியக்காலத் தூக்கம் மட்டும் எனக்குக் கிடைக்கவே இல்லை.

இரண்டாயிரத்து மூன்றில் அவளுக்குக் குரல் கம்மியது. சளிதான் என்று நாளைக் கடத்தினாள். திருநெல்வேலிக்கு நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். குரல்வளையில் கட்டி என்றார் டாக்டர். எடுத்தால் பேச்சு மிஞ்சுமா என்று உறுதி சொல்ல முடியாதாம். எடுக்காவிட்டால் ஆளே மிஞ்சமாட்டாளாம்.

திரும்பி வரும்போது கயத்தாறு தாண்டியதும் பஸ்ஸில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, சாவுக்கு எனக்குப் பயமில்ல. பேச்சுப் போயிட்டா அவர்கிட்ட எப்படி இருப்பேன்? மனசுக்குள்ள ஜெபம் பண்ண எனக்கு வராது. சர்ச்ல ரெண்டு நிமிஷம் மௌனமா இருங்கன்னு பாதிரி ஐயரு சொன்னாலே, அடுப்புல வச்ச பருப்புதான் ஞாபகத்துக்கு வரும்." நான் சிரித்தேன். சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.

ஆபரேஷன் முடிந்தது. நாற்பது நாள் முணுமுணுக்கக்கூடக் கூடாது, அதற்குப் பிறகுதான் பேச்சு உண்டா இல்லையா என்று தெரியும் என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த மறுநாள் ஐந்தரைக்கு எனக்குத் தானாக முழிப்புத் தட்டியது. அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அடி பாவி, தூங்கவிடு தூங்கவிடு என்று கத்தியவளுக்கு இப்போது தூக்கம் வரமாட்டேன் என்கிறது. நாலு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் எழுந்து சுவரைப் பார்த்துச் சப்பணமிட்டு உட்கார்ந்தேன்.

"ஆண்டவரே, நான் பக்கத்து வீட்டு செண்பகவல்லி. உங்ககூட எனக்குப் பழக்கமில்ல. கிருபைக்கனி வாயைத் திறக்கக் கூடாதுல்லா, அதான் அவளுக்குப் பதிலா நான் சொல்லுதேன். நேத்து அரை டம்ளர் கஞ்சி குடிச்சா. மக வந்து பார்த்துட்டுப் போனா. தண்ணி வந்துச்சு, அவ குடத்தையும் நானே பிடிச்சு வச்சிட்டேன். அவ பேச்சைத் திருப்பிக் குடுத்துருங்க. அவளை அப்படியே விட்டுட்டீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்."

போர்வைக்குள்ளிருந்து பூவனநாதன், "ஏட்டி, யாரை மிரட்டுத?" என்றார்.

சுவரில் டொக் டொக் என்று இரண்டு தட்டு. என்னவோ ஏதோ என்று ஓடினேன். கிருபைக்கனி பாயில் உட்கார்ந்து சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். தீப்பெட்டி லேபிள் ஒன்றின் பின்பக்கம் பென்சிலால் எழுதி நீட்டினாள்.

'ஆஸ்பத்திரில முத ராத்திரி பயந்து நடுங்கினேன். கூப்பிடச் சத்தம் இல்ல. சும்மா கிடந்தேன். அப்பதான் தெரிஞ்சுது, பக்கத்துலயே இருக்காரு. இத்தனை வருசம் அவரை நான் பேசவிட்டேனா?'

"என்ன சொன்னாரு?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்தே ஆகவேண்டும் போலிருந்தது.

லேபிளை வாங்கி அடியில் எழுதினாள். 'ஒண்ணும் சொல்லல. கூட இருந்தாரு.'

மிச்ச முப்பத்தைந்து நாளும் நான்தான் பேசினேன். தினமும் கடைசியில் இரண்டு தட்டு வரும்.

நாற்பத்தோராம் நாள் விடியக்காலம் அந்தப் பக்கம் ஏதோ உரசுகிற மாதிரி ஒரு சத்தம். காதைச் சுவரில் வைத்தேன். தகரத்தைத் தேய்த்தது போல இருந்தாலும் அது அவள் குரல்தான்.

"ஆண்டவரே, செண்பகவல்லிக்குப் பொறுமை குடும்னு கேட்டேம்லா? அது வேண்டாம். அவ இப்படியே இருக்கட்டும்."

பதிலுக்கு நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. டம்ளரை எடுத்துச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினேன்.