எந்த ஊர் வேலை?

போன மாசம் எங்கள் பிளாக்கில் ஒரு சாவு. எதிர் குவார்ட்டர்ஸ் அஞ்சலையக்கா.

சேத்தியாத்தோப்புப் பக்கத்து விவசாயக் குடும்பம். வீட்டுக்காரர் குமரவேல் அண்ணன் நிலக்கரி மைன்ஸில் பர்மனென்ட் தொழிலாளி. ஒரே மகள் நிவேதா, நெதர்லாந்தில் சாஃப்ட்வேர் இன்ஜினீயர். வேலை இருக்கும்வரைதான் விசா.

அக்காவுக்குக் கணையத்தில் கேன்சர். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில், “வீட்டுலயே வச்சுப் பாத்துக்குங்க” என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம்? உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நிவேதா ஓடி வந்தாள்.

லீவு தீர்ந்ததும், அம்மாவின் கட்டிலை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் டேபிளைப் போட்டு, லேப்டாப்பில் வேலையைத் தொடங்கினாள். அங்கே காலை என்றால் இங்கே மதியம். மீட்டிங் நடுவிலேயே மைக்கை அணைத்துவிட்டு அம்மாவைப் புரட்டிப் படுக்க வைப்பாள். கஞ்சி ஊட்டுவாள்.

“எம் பொண்ணு ஆபீசையே வூட்டுக்குக் கொண்ணாந்துட்டா” — பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அக்கா இதைத்தான் சொல்வார். வலி இருந்தது... ஆனாலும் முகத்தில் ஒரு தெளிச்சி.

ஒரு நாள் நான் அங்கே இருந்தபோது கம்பெனி எச்.ஆரிடமிருந்து அழைப்பு. பேசி முடித்த நிவேதாவின் முகம் செத்துப்போயிருந்தது.

“திரும்பி வரச் சொல்றாங்க அங்கிள். வேற நாட்டுல உக்காந்து சில வாரம்தான் வேலை செய்யலாமாம். அதுக்கு மேலன்னா கம்பெனி இந்தியாவுல பதிவு பண்ணணும், இங்க வரி பிடிக்கணும், பி.எஃப். கட்டணும்... ஒரு ஆளுக்காக அதெல்லாம் முடியாதாம்.”

“வரியை நானே கட்டிக்கிறேன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“சொல்லிட்டேன். வரி ஆபீஸ் கேள்வி எங்கிட்ட வராதாம், கம்பெனிகிட்டதான் வருமாம்.”

சம்பளமில்லாத லீவு? சம்பளம் நின்றால் விசா ஆட்டம் காணும். ராஜினாமா? படிப்புக்கு வாங்கிய கடன் பாக்கி. அண்ணனுக்கு அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட், குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும்.

கட்டிலிலிருந்து அக்கா என்னைப் பார்த்தார். “ஏன் தம்பி... நம்ம வூட்டுல உக்காந்துகினு, நம்ம கரண்ட்டுல செய்யுற வேலைதான? இது எந்த ஊரு வேலைங்க?”

வருஷம் தவறாமல் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்கிறவன் நான். “விசாரிச்சுச் சொல்றேங்க்கா” என்றேன்.

மறுநாள் நிவேதா ராஜினாமா மெயிலை அடித்து வைத்துவிட்டாள். அனுப்பவில்லை, அவ்வளவுதான். அக்காவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அத்த அழி. அப்பால குடிக்கிறேன்.”

“அம்மா...”

“நான் எங்கடி போவப் போறேன்? இங்கதான கெடக்கிறேன். நீ போய்ட்டு வா.”

அவள் அழித்தாள். அக்கா குடித்தார். மூன்று ஸ்பூன்தான் இறங்கியது.

சென்னை ஏர்போர்ட்டுக்கு நான்தான் கூட்டிப்போனேன். இறங்கும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்: “அப்பா ஷிஃப்ட் போற நேரத்துல அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுக் குடுப்பீங்களா அங்கிள்?”

தினமும் போட்டுக் கொடுத்தேன். முதலில் அக்கா பேசினார். பிறகு பார்த்தார். அப்புறம் கண்ணைத் திறக்கவில்லை... ஃபோனைக் காதருகே பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் அவள், “அம்மா, அம்மா” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

அவள் வந்து சேரும்வரை அக்காவை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். வந்தாள். கண்ணாடிமேல் கன்னத்தை வைத்தாள். எழுப்ப யாருக்கும் மனசு வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்து, நேற்று என்னிடம் ஃபோனை நீட்டினாள். எச்.ஆரிடமிருந்து வந்த மெயில். குறை சொல்ல முடியாத, ரொம்ப அன்பான மெயில். ஆழ்ந்த அனுதாபங்கள், துக்க விடுப்பு எடுத்துக்கொள்ளவும், சம்பளம் உண்டு.

“செத்ததுக்கு லீவு குடுத்திருக்காங்க அங்கிள்” என்றாள். “உயிரோட இருந்ததுக்குத்தான் ரூல் இல்ல.”