கேளம்பாக்கமா, சிங்கப்பெருமாள் கோவிலா? பட்டியலைப் பூட்டுவதற்கு முந்தைய நாள்

இந்த வலைப்பூவில் இதுவரை ஏற்காடு, கொல்லிமலை என்று மலையேறியே எழுதியிருக்கிறேன். இது செம்பாக்கத்தில் இருக்கும் என் வீட்டிலிருந்து காலை ஆறரைக்குக் கிளம்பி, மாலை நாலரைக்கு அதே வீட்டுக்குத் திரும்பிய பயணம். சுமார் நூறு கிலோமீட்டர். ஆனாலும் நான் போனதிலேயே முக்கியமான பயணம் இதுதான், சந்தேகமே இல்லை.

என் மகள் பெனிட்டா பிளஸ் டூ முடித்துவிட்டாள். பொறியியல் கலந்தாய்வில் அவளுடைய சுற்று வந்தது. விருப்பப் பட்டியலை ஜூலை மாதப் புதன்கிழமை ஒன்றில், மாலை ஐந்துக்குள் பூட்ட வேண்டும். முதலில் போட்ட கல்லூரி கிடைத்துவிட்டால், இரண்டாவதுதான் வேண்டும் என்று அப்புறம் அழ முடியாது. அவள் மதிப்பெண்ணுக்கும் அவள் கேட்ட எலக்ட்ரானிக்ஸுக்கும் பொருந்தி இரண்டு கல்லூரிகள் மிஞ்சின. ஒன்று கேளம்பாக்கம் பக்கம், இன்னொன்று சிங்கப்பெருமாள் கோவில் பக்கம். பெயர்களை எழுதப் போவதில்லை, பின்னூட்டத்தில் சண்டை போட எனக்கு நேரமில்லை.

கேளம்பாக்கம் கல்லூரியைச் சனிக்கிழமையே சகலையின் காரில் போய்ப் பார்த்துவிட்டோம். நாற்பது நிமிடம். வாசலில் சந்தனம், கற்கண்டு, உள்ளே ஏசி அறையில் டீ, பிஸ்கட். பெண் பார்க்கப் போன வீடு மாதிரி எல்லாம் துடைத்து வைத்திருந்தார்கள். அதையே முதலில் போடலாம் என்று நானும் முடிவு செய்தேன். ராத்திரிதான் உறைத்தது, நான் பார்த்தது கல்லூரியின் விடுமுறை நாளை. அங்கே படிக்கப் போகிறவள் சகலையின் காரில் போகப் போவதில்லையே. செவ்வாய்க்கிழமை அலுவலகத்துக்கு லீவு சொன்னேன். மாணவர்கள் போகும் நாளில், போகும் நேரத்தில், போகும் வண்டியில் இரண்டு கல்லூரிக்கும் போய் வருவது என்று திட்டம்.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெனிட்டாவுக்குப் பதினோரு வயதிலிருந்து டைப் ஒன் சர்க்கரை நோய். தினமும் நான்கு முறை இன்சுலின் ஊசி. மேல்கையில் ஒட்டிய சென்சார் சர்க்கரை அளவை அவள் செல்போனுக்கு அனுப்பும், இறங்கினால் போன் கத்தும். இது எனக்கும் என் மனைவிக்கும் அவளுடைய பள்ளியில் ஒரு டீச்சருக்கும் மட்டும்தான் தெரியும். எங்கள் சபையில் முட்டிவலி என்றால்கூட ஜெபத்துக்குப் பெயர் கொடுப்பார்கள், ஞாயிறு ஆராதனையில் வாசிப்பார்கள். நாங்கள் ஏழு வருடமாக எங்கள் பெண்ணின் பெயரைக் கொடுக்கவில்லை. நாளைக்குக் கல்யாணம் என்று வரும்போது நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்ற பயம்தான் காரணம். என் சொந்தத் தங்கைக்குக்கூடத் தெரியாது. (இந்தப் பதிவை பெனிட்டா படித்து, இரண்டு வரியைத் திருத்தி, போடச் சொன்ன பிறகே போடுகிறேன்.)

ஆறரைக்கு ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய். கேம்ப் ரோடு சந்திப்பில் வழக்கமான நெரிசல் இன்னும் தொடங்கவில்லை. ஆறு ஐம்பதுக்குத் தாம்பரம். ரயில்வே மேம்பாலத்தில் ஏறி மேற்கே இறங்கி, ஏழு பத்துக்கு வண்டலூர் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்தோம். உட்கார இடமில்லை. சாதாரண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் பழக்கத்தில் இரண்டு டிக்கெட் என்றேன்.

"பாப்பாவுக்கு ஃப்ரீ சார். உனுக்குத்தான் துட்டு," என்றார் நடத்துனர். "காலேஜ் பாக்கவா போய்கினு கீற? நல்லா பாத்துக்கோ சார். எல்லா காலேஜ் பஸ்ஸும் கண்டிகையாண்ட வந்துதான் நிக்கும்."

சொன்னபடியே நின்றன. கண்டிகையைத் தாண்ட மட்டும் இருபது நிமிடம். எட்டரைக்குக் கேளம்பாக்கம். அங்கிருந்து கல்லூரி வாசலுக்குப் பதினைந்து நிமிட நடை. சனிக்கிழமை நாற்பது நிமிடமாக இருந்த தூரம் செவ்வாய்க்கிழமை இரண்டேகால் மணி நேரமாகிவிட்டது.

வாசலில் சனிக்கிழமை சந்தனக் கிண்ணம் இருந்த இடத்தில் இன்று ஒரு மேசை. மாணவர்கள் வரிசையில் நின்று செல்போனை அணைத்துக் கொடுத்து, டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். பெனிட்டா என்னைப் பார்த்தாள். நான் சேர்க்கை அலுவலகத்தைப் பார்த்து நடந்தேன்.

அங்கே இருந்த பெண்மணியிடம் என் சாமர்த்தியம் முழுவதையும் காட்டினேன். "மேடம், பொண்ணு ரொம்ப தூரத்துலேர்ந்து வருவா. அவ அம்மா கொஞ்சம் பயந்த சுபாவம். போனை மட்டும் அவகிட்டயே விட்டுட முடியுமா?"

"எல்லா அம்மாவும் பயப்படுவாங்க சார்," என்று சிரித்தார் அவர். "ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும். சாயந்திரம் நாலு மணிக்குக் கையில குடுத்துடுவோம்."

சரி, விரலில் குத்திப் பார்த்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்று நான் கணக்குப் போட்டேன். எதையும் சமாளித்துவிடலாம் என்ற எண்ணம் எனக்கு எப்போதும் கொஞ்சம் அதிகம். பெனிட்டா வளாகத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு வாசலுக்கு நடந்தாள்.

கேளம்பாக்கம் பஸ் நிறுத்தத்தில் பத்து இருபதுக்கு அவள் போன் கத்தியது. அறுபத்து நாலு. நின்றுகொண்டே வந்ததும் நடந்ததும் சேர்ந்து சர்க்கரையை இறக்கியிருக்க வேண்டும். பையிலிருந்து ஜூஸ் பாக்கெட்டை எடுத்து ஸ்ட்ராவைக் குத்தினாள். நான் சட்டென்று அவளுக்கு முன்னால் போய் அகலமாக நின்றுகொண்டேன், நிறுத்தத்தில் இருப்பவர்கள் கண்ணில் படக்கூடாதே. ஏழு வருடப் பழக்கம்.

"கொஞ்சம் தள்ளுங்கப்பா. காத்து வரல," என்றாள்.

தள்ளி நின்றேன். யாரும் எங்களைப் பார்க்கவில்லை, பஸ் வருகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கால் மணி நேரத்தில் எண்பத்தெட்டு வந்தது. இதே வேளையில் அந்த போன் வாசல் மேசையில் அணைந்து கிடந்தால் என்ன ஆகும் என்று அந்த விதியைத் திட்ட ஆரம்பித்தேன்.

பத்தே முக்காலுக்கு பஸ், பதினொன்று நாற்பதுக்கு வண்டலூர். ரயில் நிலையத்துக்குப் பத்து நிமிட நடை. பன்னிரண்டு ஐந்துக்கு செங்கல்பட்டு ரயில். கூட்டம் நகரத்துக்குப் போகும் திசையில்தான் இருந்தது, எங்கள் பெட்டியில் பாதி காலி. பன்னிரண்டரைக்குச் சிங்கப்பெருமாள் கோவில். அங்கிருந்து கல்லூரி மூன்று கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு இருபது ரூபாய்.

"அந்தக் காலேஜா?" என்றார் ஆட்டோக்காரர். "பில்டிங் ஒண்ணும் பெர்சா இருக்காது சார். ஆனா புள்ளைங்க ஆறு மணி வரைக்கும் லேப்லயே கெடக்குதுங்க. நான்தான கடைசி டிரிப் அடிக்கிறேன்."

உண்மைதான். பெயின்ட் உரிந்த கட்டடம், வரவேற்புக்கு ஆளில்லை. ஆனால் சாப்பாட்டு நேரத்திலும் ஒரு லேப் திறந்திருந்தது. நான்கு பெண்கள் ஏதோ சர்க்யூட்டைக் கழற்றி வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பெனிட்டா ஜன்னல் பக்கம் ஐந்து நிமிடம் நின்றாள். கேன்டீனில் சாப்பிட்ட பிறகு துறைத் தலைவரைப் பார்த்தோம், ஐம்பது வயதிருக்கும் அம்மையார். நான் ஆரம்பித்தேன். "மேடம், பொண்ணு கொஞ்சம் தூரத்துலேர்ந்து..."

"அப்பா, நான் பேசறேன்," என்றாள் பெனிட்டா. "மேம், எனக்கு டைப் ஒன் டயபடீஸ். கையில சென்சார் இருக்கு. கிளாஸ்லயும் எக்ஸாம் ஹால்லயும் போன் பக்கத்துலயே இருக்கணும். சுகர் எறங்கினா உடனே ஏதாவது சாப்பிடணும். இங்க முடியுமா?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்த அம்மையாரோ பேனாவை எடுத்தார். "போன் ரூல் இங்கயும் இருக்கும்மா. டாக்டர் லெட்டர் கொண்டு வா, பிரின்சிபால்கிட்ட எழுத்துல வாங்கித் தரேன். பரீட்சைக்கு யுனிவர்சிட்டிக்குத் தனியா எழுதணும், அதுக்கு டைம் ஆகும், சேர்ந்த உடனே குடு. லோ ஆனா பக்கத்துல இருக்கறவங்க என்ன செய்யணும்? அதையும் ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துடு." மொத்தம் நாலு நிமிடம்.

வெளியே வந்ததும் பெனிட்டா மரத்தடியில் நின்று கேளம்பாக்கம் கல்லூரிக்கு ஸ்பீக்கரில் போன் போட்டு, காலையில் அப்பாவோடு வந்தவள் என்று சொல்லி, அதே கேள்வியை அதே வார்த்தைகளில் கேட்டாள். காலையில் சிரித்த அதே பெண்மணி பதறிவிட்டார். "அய்யோ, உங்க அப்பா இதைச் சொல்லவே இல்லையேம்மா! மெடிக்கல்னா வேற. லெட்டர் குடுத்தா வச்சுக்கலாம்." கல்லூரியின் விதியைக் குறை சொல்லிக்கொண்டிருந்த எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அந்தக் கதவு பூட்டியே இருக்கவில்லை, நான்தான் தட்டாமல் வந்திருக்கிறேன்.

ஆக, இரண்டு இடமும் சரி என்றன. புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு பெனிட்டாவே பட்டியலைப் பூட்டினாள். முதலில் சிங்கப்பெருமாள் கோவில். தாம்பரத்திலிருந்து ரயிலில் முப்பத்தைந்து நிமிடம் உட்கார்ந்து போகலாம், உட்கார்ந்து சாப்பிடலாம், அந்த லேப் வேறு அவளுக்குப் பிடித்துவிட்டது. என்னைக் கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன், ஆனால் அவள் கேட்கவில்லை.

கிளம்பப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. வேலை நாளில் போங்கள், சொந்தக்காரர் காரில் போகாதீர்கள். ஏழு மணிக்கு முன் தாம்பரத்தில் இருங்கள். கேளம்பாக்கம் பக்கம் என்றால் கல்லூரி பஸ் உங்கள் தெருவுக்கு வருமா என்று கட்டாயம் விசாரியுங்கள், எங்களுக்கு வராது. ரயில் டிக்கெட்டை போனிலேயே எடுத்துவிடுங்கள், வண்டலூர் வரிசை நீளம். அலுவலகத்தைப் பார்ப்பதற்கு முன் லேப், கழிவறை, கேன்டீன் மூன்றையும் பாருங்கள். பிள்ளைக்கு என்ன தேவையோ அதை மழுப்பாமல் கேளுங்கள். பிள்ளையே கேட்டால் இன்னும் நல்லது.

அதற்கும் முன்னால் வீட்டிலேயே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நான் அதைத் திரும்பும் ரயிலில், மறைமலை நகர் தாண்டிய பிறகுதான் கேட்டேன். "இத்தனை வருஷம் இதை யார்கிட்டயும் சொல்லாம வச்சிருந்தோமே, உனக்கு அதுல சம்மதமாம்மா?"

பெனிட்டா கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் என்னைப் பார்த்தாள். "எனக்கு என்னப்பா? வெளில தெரிஞ்சா நீங்க கஷ்டப்படுவீங்கன்னுதான் நான் சொல்லாம இருந்தேன்."