ஆள் படுத்தாத்தான் பச்சை

கமலா அக்கா போயிட்டாங்க. செவ்வாய்க்கிழமை காலையில, பிரிக்ஃபீல்ட்ஸ் ஃபிளாட்லயே... ஹார்ட் அட்டாக்.

வெக்கமாத்தான் இருக்கு, இருந்தாலும் சொல்லிடறேன். குரூப்ல வந்த அந்த மெசேஜுக்கு நான் தம்ஸ் அப் போட்டுட்டேன். படிக்காமலே.

எனக்கு முன்னாடி ஆறு பேரு போட்டிருந்தாங்க. அதான் எங்க குரூப்பு.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். ஆஸ்பத்திரிக் கட்டில், வீல்சேர், இதெல்லாம் ஒரு வீட்டுல வேலை முடிஞ்சதும் அடுத்த வீட்டுக்குக் கொண்டு போய்க் கொடுக்குற வாட்ஸ்அப் குரூப். நாப்பத்திமூணு பேரு. பாதிப் பேரு மூஞ்சிய பாதிப் பேரு பாத்ததே இல்ல.

தலைவர் கிடையாது. தலைவர் வெச்சா ரெண்டே மாசத்துல ரெண்டு சங்கமாயிடும், கோயில் கமிட்டியில பாத்தாச்சு. அதனால நாப்பத்திமூணு பேரும் அட்மின். சந்தோஷமா?

அட்மின் நாப்பத்திமூணு, லோரி ரெண்டு. வர்ற மெசேஜ் எல்லாமே அர்ஜென்ட். அர்ஜென்ட் இல்லன்னு ஒருத்தர்கூட இதுவரைக்கும் கேட்டதில்ல லா.

எது முதல்லன்னு ஒரு தடவ ஓட்டு வெச்சோம். சுங்கை வேயில ஒரு மாமாவுக்கு முட்டி வலி. அவரு மருமக சொந்தக்காரங்கள எல்லாம் குரூப்ல சேத்துவிட்டு, ஓட்டு வாங்கி ஜெயிச்சிருச்சு. ஜெயிச்ச கையோட மூணு பேரு, ஒருத்தருக்கொருத்தர் சொல்லாம, மூணு வீல்சேர் கொண்டு போய் இறக்கினோம்.

ஆமா, "இறக்கினோம்". அதுல ஒண்ணு நான்.

அதே வாரம் கம்போங் மேடான் ஃபிளாட்ல ஒரு அம்மா, வீட்டுக்காரர முதுகுல சுமந்து பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போய்க்கிட்டு இருந்துச்சு. அதுக்கு வீல்சேர் இல்ல.

அன்னைக்குத்தான் கமலா அக்காவோட முதல் வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. அதுவரைக்கும் இப்படி ஒரு ஆள் குரூப்ல இருக்கிறதே யாருக்கும் தெரியாது. "ஏம்பா, அந்த மாமாவுக்கு என்ன மூணு குண்டியா?"

முப்பது வருஷம் டாக்சி ஆபீஸ்ல ரேடியோவுல உக்காந்து வண்டி அனுப்புன ஆளு. குரலே அப்படித்தான் இருக்கும். ஹலோ கிடையாது, வணக்கம் கிடையாது... "எங்க இருக்க?"

அதுக்கப்புறம் ஓட்டெல்லாம் இல்ல. யாரு கேட்டாலும் அக்கா போன் பண்ணி ரெண்டே கேள்வி கேப்பாங்க. தூக்குறது யாரு? புண்ணு வந்துருச்சா? தனி ஆளாத் தூக்குறாங்க, முதுகுல புண்ணும் ஆரம்பிச்சிருச்சுன்னா, அந்த வீடுதான் முதல்ல. மத்தவங்க கத்தலாம்.

ஒருத்தர் கத்துனாரு. நீங்க என்ன தலைவரான்னு கேட்டாரு. அதுக்கு அக்கா, "தலைவரெல்லாம் இல்லப்பா. ரிட்டயர் ஆயிட்டேன், போன்ல சார்ஜ் இருக்கு."

தம்ஸ் அப் செல்லாதுன்னு சொன்னதும் அவங்கதான். தம்ஸ் அப்னா பாத்தேன்னு அர்த்தமா, செய்றேன்னு அர்த்தமா, செஞ்சிட்டேன்னு அர்த்தமான்னு கேட்டாங்க. அந்தக் கேள்விக்கும் ஒன்பது தம்ஸ் அப் விழுந்துச்சு.

அதனால லிஸ்ட்ல ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல ஒரு கலர். பேரு எழுதுனா சிவப்பு. கட்டில் லோரியில ஏறுனா மஞ்சள். பச்சை மட்டும் லேசுல கிடைக்காது. ஆள் அதுல படுத்து, தலைப்பக்கத்தத் தூக்கி வெச்சு, ஒரு வாய் தண்ணி குடிக்கணும். அப்பத்தான் பச்சை. சும்மா வாசல்ல இறக்கிட்டு வந்து பச்சை போட்டவனெல்லாம் அக்காகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டான்.

நான் நாலு தடவ.

இப்ப ஜெஞ்சாரோம் விஷயத்துக்கு வரேன்.

அங்க ராமையான்னு ஒரு பெரியவரு, ஸ்ட்ரோக். சம்சாரம் மட்டும்தான் தூக்குது. முதுகுல புண்ணு. லிஸ்ட்ல முதல் பேரு அவருதான். கட்டில் கிள்ளான்ல என் வீட்டு வாசல்லயே கிடந்துச்சு. நாளைக்கு ஏத்தத்தானே போறோம்னு மஞ்சளப் போட்டுட்டேன்.

அப்புறம் மழை. அப்புறம் லோரி டயரு. அப்புறம் மச்சான் வீட்டு விசேஷம்...

அக்கா விடல. கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. நான் அவங்கள மியூட்ல போட்டேன்.

எரிச்சலாத்தான் இருந்துச்சு, பொய் சொல்ல விரும்பல. சம்பளம் இல்லாத வேலைக்கு இப்படி ஒரு முதலாளியான்னு பொண்டாட்டிகிட்ட நானே திட்டியிருக்கேன்.

புதன்கிழமை இறுதிச் சடங்குக்குப் போய்ட்டு வந்துதான் அவங்க கடைசி வாய்ஸ் மெசேஜக் கேட்டேன். திங்கக்கிழமை அனுப்புனது. "சேகரு, மஞ்சள் போட்டு அஞ்சு நாளாச்சு. உன் லோரி ஜெஞ்சாரோமுக்கு சிங்கப்பூர் வழியா போகுதா? எங்க இருக்க?"

வியாழக்கிழமை காலையில முதல் வேலையா கட்டில ஏத்துனேன்.

கதவத் திறந்த ராமையா ஐயாவோட சம்சாரம் என்னத் திட்டவே இல்ல. கமலா அக்கா தெனம் காலையில போன் பண்ணி, கட்டில் வண்டி ஏறிருச்சும்மா, வந்துரும்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்களாம். ரெண்டு நாளாத்தான் போன் வரலையாம், உடம்பு சரியில்லையான்னு கேட்டுச்சு.

சொன்னேன். அந்தம்மா கொஞ்ச நேரம் அங்கயே தரையில உக்காந்துருச்சு. அப்புறம் எந்திரிச்சு, வாங்க தம்பி, புடிங்கன்னுச்சு.

ரெண்டு பேருமாத் தூக்கி ராமையா ஐயாவப் படுக்க வெச்சோம். போட்டோ எடுத்தேன். பச்சை போட்டேன்.

போய்ட்டு வாங்க அக்கா. மியூட்ட எடுத்துட்டேன். இனிமே எடுத்து என்ன... சரி, எடுத்துட்டேன்.

அந்தம்மா தண்ணி டம்ளரோட வந்து, தலைப்பக்கத்த எப்படி தம்பி தூக்குறதுன்னு கேட்டுச்சு. அதுக்கு ஒரு கைப்பிடி இருக்கு, கட்டிலுக்கடியில மாட்டிச் சுத்தணும். அது கிள்ளான்ல, என் வீட்டு செருப்பு ஸ்டாண்டு மேல இருக்கு.

பச்சையை எடுத்துட்டு மஞ்சள் போட்டேன். அதுக்கும் பதினேழு பேரு தம்ஸ் அப் போட்டிருக்காங்க.