நூற்றுக்கு நான்கு டன்

சிமெண்ட் ஆலையில் அவருக்குப் ‘புகை அக்கா’ என்று பெயர். சூளையில் எவ்வளவு நிலக்கரி எரிந்தது, அதனால் எவ்வளவு கரியமில வாயு வெளியேறியது என்று கணக்கிடுவது அவர் வேலை. பதினோரு வருஷமாக அந்த அறிக்கையை யாரும் சீந்தியதில்லை. மேலாளர் படிக்காமலே கையெழுத்துப் போடுவார்.

கார்பன் சந்தை வந்ததும் நிலைமை தலைகீழானது. ஒவ்வோர் ஆலையும் இவ்வளவுதான் வாயு வெளியேற்றலாம் என்று அரசு வரம்பு வைத்தது. அதற்குள் நின்றால் மிச்சத்தை விற்கலாம்; தாண்டினால் சந்தையில் அனுமதி வாங்க வேண்டும். டன்னுக்கு விலை வந்தவுடன் இயக்குநர் குழுவுக்கும் அக்கறை வந்துவிட்டது. வரம்புக்குள் நின்றால் எல்லோருக்கும் ஒரு மாதச் சம்பளம் போனஸ் என்று அறிவித்தார்கள். அதன்பிறகு கேன்டீனில் புகை அக்காவுக்கு இடம் பிடித்து வைத்தார்கள்.

“அக்கா, நம்ம புகை எப்படிப் போகுது?”

“மேலதான் போகுது” என்பார். மேசையே சிரிக்கும். தனியாக வாழ்கிறவருக்கு அந்தச் சிரிப்பு பெரிய விஷயம்.

வருஷக் கடைசியில் அவருக்கு ஒரு சந்தேகம் தட்டியது. ஏட்டின்படி கிடங்கில் இருக்கவேண்டிய நிலக்கரியைவிடக் கண்ணெதிரே இருந்த குவியல் சிறியது. டேப்பும் கையுமாக நாலு நாள் அளந்தார். கோளாறு, சூளைக்குக் கரி கொண்டுபோகும் பெல்ட்டின் எடைக் கருவியில். நூறு டன் போனால் தொண்ணூற்றாறு என்று காட்டியிருக்கிறது. திருத்தினால் ஆலை வரம்பைத் தாண்டிவிடும்.

“கருவியை இன்னிக்கே சரி பண்ணிடலாம். பழசை எதுக்குக் கிளறணும்? விடுங்களேன்” என்றார் மேலாளர்.

புகை அக்காவின் தங்கை கணவர் அங்கேதான் சூளை மேற்பார்வையாளர். விஷயம் காதுக்கு எட்டி, மறுநாள் சாயங்காலம் தங்கை வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“ஒரு மாசச் சம்பளம்க்கா. அதைத்தான் நம்பியிருக்கோம்.”

“நான் தரேன்டி.”

“உன் காசு யாருக்கு வேணும்? நானூறு பேர் வயித்துல அடிக்கப் போறே. உனக்கென்ன, புள்ளையா குட்டியா?”

சொன்ன பிறகு தங்கையே நாக்கைக் கடித்துக்கொண்டாள். நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

பொய்யென்று தெரிந்த எண்ணுக்குக் கீழே தன் கையெழுத்து இருக்க முடியாது. அதற்கு மேல் புகை அக்காவுக்குக் காரணம் எதுவும் தோன்றவில்லை. காலையில் முதல் வேலையாகத் திருத்திய கணக்கை நேராக இயக்குநர் குழுவுக்கே அனுப்பினார்.

நிறுவனம் உச்ச விலையில் அனுமதி வாங்க வேண்டியதாயிற்று. போனஸ் போயிற்று. யாரும் அவரைத் திட்டவில்லை. அவர் தட்டுடன் வந்து உட்கார்ந்தால், ஒவ்வொருவராக எழுந்து கை கழுவப் போனார்கள். நேற்றுவரை ‘அக்கா’ என்றழைத்த தங்கை கணவர், வராந்தாவில் ஒதுங்கி நின்று “போங்க மேடம்” என்றார்.

இயக்குநர் குழு கூப்பிட்டபோது, வேலை போய்விடும் என்றே நினைத்துப் போனார்.

“முறைப்படி இது உங்க மேலாளர் வழியாத்தானே வரணும்?” என்று கேட்டார் தலைவி.

“ஆமாங்க. பயத்துலதான் நேரா அனுப்பிட்டேன்.”

“அவருக்குப் பயந்தா?”

“எனக்கே பயந்துங்க. இன்னும் ஒரு நாள் கையில வெச்சிருந்தா அனுப்பியிருக்க மாட்டேன்.”

தலைவி அந்தக் கணக்கைத் தன் பக்கம் இழுத்து, முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார்.

அந்த மாதமே விதி மாறியது. புகைக் கணக்கு இனி நேராக இயக்குநர் குழுவுக்கு. மேலாளர் கையெழுத்து தேவையில்லை. வருஷாவருஷம் அனுமதி வாங்குவதைவிட, வீணாகும் சூளை வெப்பத்தில் மூலப்பொருளைச் சூடாக்கிக் கரியை மிச்சம் பிடிப்பதே மலிவு என்று கண்டு, ஆறு வருஷமாகத் தள்ளிப்போட்ட அந்த அமைப்புக்கு ஒப்புதல் தந்தார்கள். பொறுப்பு தங்கை கணவருக்குப் போயிற்று. அறிவிப்புப் பலகையில் படித்துத்தான் புகை அக்காவுக்கே தெரியும்.

அடுத்த வருஷம் ஆலை வரம்புக்குள் நின்றது. போனஸும் வந்தது. அந்த வாரம் தங்கை போன் செய்தாள்.

“வீடு மாத்திட்டோம்க்கா. போன மாசமே.”

“அப்படியா? எங்கே?”

“பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால.”

“நல்லது.”



“குக்கர் விசில் அடிக்குது, வெச்சிடறேன்” என்றாள் தங்கை.

விசில் சத்தம் எதுவும் கேட்கவில்லை. “சரிம்மா, பாரு” என்றார் புகை அக்கா.