‘அவர்களே’ முடிந்த பிறகு பேசியது

நாலு பேர் கூடினால் எனக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் மட்டும் நன்றாகத் திறக்கும் என்பார் என் கணவர். அப்படிப்பட்ட நான் கிராம சபையில் மைக் பிடித்தது என் மகளால்தான். செஞ்சியில் பிளஸ் டூ படிக்கிறாள். செஞ்சிக்குப் போகும் காலை பஸ் எங்கள் ஊர் நிறுத்தத்தில் நிற்காமல் பறந்துவிடும். பாவம், நடந்து பார்த்தாள், லிப்ட் கேட்டுப் பார்த்தாள். கடைசியில், “இனிமே நான் போகல, விடும்மா” என்று பையை மூலையில் வீசிவிட்டாள். எனக்குப் பெற்ற வயிறு பற்றி எரிந்தது.

சபைக்கு பஸ் டிப்போ அதிகாரியும் வருகிறார் என்றார்கள். மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடிக்கு நடுவே களை எடுத்துக்கொண்டே பேசிப் பழகினேன். நான் கேட்ட மேடைப் பேச்செல்லாம் ‘அவர்களே’ என்றுதான் தொடங்கும். ஒருவரை விட்டாலும் மனத்தாங்கல். அதனால் தலைவர் அவர்களே என்று ஆரம்பித்து, பந்தல் போட்டவர் வரைக்கும் மனப்பாடம் செய்தேன்.

“இன்னா, எலெக்‌ஷன்ல நிக்கப்போறியா?” என்று கிண்டலடித்தார் கணவர்.

சபையன்று பயந்துகொண்டேதான் மைக்கை வாங்கினேன். ஆனாலும் ஒரு ‘அவர்களே’யும் விடாமல் சொல்லிவிட்டு, மூச்சு வாங்க நிறுத்தினேன். பேச்சு முடிந்ததென்று நினைத்துக் கூட்டம் கைதட்டிவிட்டது!

“நன்றிம்மா, உக்காருங்க. சார் அடுத்த ஊருக்குப் போவணும்” என்றார் தலைவர். டிப்போ அதிகாரி எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

அடக் கடவுளே! வந்த கோபத்தில் பயம் போன இடம் தெரியவில்லை.

“இன்னா நன்றி? நான் இன்னும் விஷயத்துக்கே வரல. சார், காலையில உங்க பஸ்ஸு எங்க ஸ்டாப்புல நிக்கறதே இல்ல. என் பொண்ணு படிப்ப விட்டுட்டு வூட்ல குந்திக்கினு இருக்குது. ஒரு நிமிஷம் நின்னு ஏத்திக்கினு போனா இன்னா கொறஞ்சிடும்?”

பின்னாலிருந்து பெண்கள், “ஆமா சார், நிக்கறதே இல்ல” என்று சேர்ந்துகொண்டார்கள். அதிகாரி என்னைப் பார்த்தார். “திங்கக்கிழமையிலேர்ந்து நிக்கும்மா. நான் சொல்றேன்” என்றார். நான் நம்பவில்லை.

திங்கட்கிழமை காலை மகளை இழுத்துக்கொண்டு போய் நின்றேன். பஸ் வளைவில் திரும்பியது. வேகம் குறைந்து, எங்கள் முன்னால் நின்றேவிட்டது.

“ஏறும்மா, சீக்கிரம்” என்றார் கண்டக்டர்.

அப்பாடா! அவள் ஏறியதும் ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். ஜன்னல் வழியாக மகள் பதறினாள். “யம்மா, அழாத. எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும்டி” என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். “நீ போய்ப் படி!”