தெருவில் வைத்த நிறைகுடம்

பெர்லினில் எங்கள் வீட்டுக்கு வாசல் எது என்று யாரும் என்னைக் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் எரிச்சல்தான் வரும். தெருவைப் பார்த்து ஒரு பெரிய மரக்கதவு. அதைத் தள்ளினால் இருட்டான ஒரு நடை. நடை முடிந்தால் முற்றம், குப்பைத் தொட்டிகள், துருப்பிடித்த சைக்கிள்கள். முற்றத்தைத் தாண்டினால் பின்வீடு. அதில் மூன்றாம் மாடி நாங்கள். அந்தக் காலத்தில் தெருப்பக்கத்து வீட்டில் உத்தியோகத்தர்களை வைத்து, பின்வீடுகளில் தொழிலாளர் குடும்பங்களை அடுக்கினார்களாம். முற்றம் எவ்வளவு அகலம் வேண்டும் என்றால், தீயணைப்பு வண்டி உள்ளே வந்து திரும்பினால் போதும் என்று சட்டம் போட்டிருந்தார்களாம். வெயில் வருமா என்று ஒருவரும் யோசிக்கவில்லை. இதை இப்போது சுற்றுலாக்காரர்கள் வந்து படம்பிடித்துக்கொண்டு போகிறார்கள். நான் வருடக்கணக்காக இதற்குள் துணி காயப்போடுகிறேன்.

மகள் வுப்பர்டால் நகரத்துப் பையன் ஒருவனை விரும்பினாள். எங்கள் ஆட்கள்தான், அங்கேயே பிறந்து வளர்ந்தவன். எங்களுக்குச் சம்மதம். அவனுடைய தாய்தான் பிடிகொடுக்காமல் இருந்தார். கணவர் இறந்த பிறகு தனியாக நின்று அவனை வளர்த்தவர். பெர்லினில் வளர்ந்த பிள்ளை, தாய் தகப்பன் எப்படியோ, வீடு வாசல் எப்படியோ என்று அவர் யாரிடமோ சொன்னது சுற்றிச் சுற்றி என் காதுக்கு வந்து சேர்ந்தது. கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனோடு நேரில் வந்து பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன் என்றார். என் மகள் எதற்கும் யாரிடமும் கெஞ்சாதவள். அவள் வந்து என் கையைப் பிடித்தாள்.

“அம்மா, அண்டைக்கு ஒண்டும் பிழைக்கக் கூடாது. பிட்டே, பிளீஸ்.”

அதனால்தான் நிறைகுடத்தைத் தெருவில் வைப்பது என்று முடிவெடுத்தேன். என் கணவருக்கு அது பிடிக்கவில்லை.

“மூண்டாம் மாடியில எங்கட கதவுக்கு முன்னால வைப்பம். ரோட்டில வச்சால் சனம் என்ன நினைக்கும்?”

“நிறைகுடம் வைக்கிறது வாசலிலயோ, படிக்கட்டிலயோ? அந்த மனிசி இருட்டுக்குள்ளால, குப்பைவாளியையும் கடந்து மேல ஏறி வந்த பிறகு நிறைகுடத்தைக் காட்டி என்ன பிரயோசனம்?” என்று கேட்டேன். என்னோடு வாதாடி வென்ற அனுபவம் அவருக்கு இல்லை.

இந்த நகரத்தின் ஒரு பழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். வேண்டாத பொருளை இங்கே பலர் எறிவதுமில்லை, விற்பதுமில்லை. நடைபாதையில் வைத்து, ‘சூ ஃபெர்ஷெங்கென்’ என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுவார்கள். இலவசம், வேண்டியவர் எடுக்கலாம் என்று அர்த்தம். சோபா, மெத்தை, ஒற்றைச் சப்பாத்து, மூடியில்லாத கேத்தல், பாதி எரிந்த மெழுகுதிரி, எல்லாம் தெருவில் கிடக்கும். நகரசபை கூடாது என்கிறது, யார் கேட்கிறார்கள்? போகப் போகத் தாள் ஒட்டுகிற வழக்கமும் குறைந்துவிட்டது. நடைபாதையில் ஒரு பொருள் ஆளில்லாமல் நின்றால் அது ஊருக்குப் பொது. எங்கள் வீட்டிலேயே மகள் இப்படித் தூக்கிவந்த சாமான்கள் உண்டு. நிறைகுடம் வைக்க நான் எடுத்த சின்ன மேசையும் அப்படி வந்ததுதான். அதற்கு மட்டும் நான் பெரிதாக உரிமை கொண்டாட முடியாது.

குடமும் விளக்குகளும் அப்படியல்ல. பித்தளைக் குடம் என் கல்யாணத்துக்கு வந்தது. குத்துவிளக்கு இரண்டையும் பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் கடை கடையாக ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்து, திரும்பி வரும்போது பஸ்ஸில் இரவு முழுவதும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

அந்த ஞாயிறு காலையில் மேசையைக் கீழே இறக்கினோம். விருந்தாளிகள் வருகிறார்கள் என்று மகள் தன் அறையைத் துப்புரவாக்கி, பழைய புத்தகங்களையும் உடுப்புகளையும் ஒரு பெட்டியில் போட்டு, தாளும் ஒட்டி, மரக்கதவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். மேசைக்கு இடம் வேண்டும் என்று நான் அதைக் கொஞ்சம் தள்ளிவைத்தேன். வாழையிலை விரித்து, அரிசி பரப்பி, குடத்தில் தண்ணீர் நிறைத்து, மாவிலை செருகி, தேங்காய் வைத்தேன். குங்குமம், சந்தனம், பன்னீர்ச் செம்பு. சும்மா சொல்லக்கூடாது, அந்தச் சாம்பல் நிறத் தெருவில் அது அவ்வளவு அழகாக இருந்தது. சைக்கிளில் போன ஒருவன் இறங்கி நின்று பார்த்துவிட்டுப் போனான். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

காரை நிறுத்திவிட்டார்கள் என்று செய்தி வந்ததும் விளக்கேற்றினேன். கணவரைக் காவலுக்கு நிறுத்திவிட்டுச் சேலை மாற்ற மேலே ஓடினேன். அதற்குள் அந்தப் பையன் அவருக்குப் போன் எடுத்து, எங்கள் இலக்கத்துக்கு அடுத்த இலக்கத்துக்கு முன்னால் நிற்கிறோம், உங்கள் வீட்டைக் காணவில்லை என்றிருக்கிறான். காண முடியாது. மற்ற ஊர்களில் ஒரு பக்கம் ஒற்றை எண், மறுபக்கம் இரட்டை எண். இங்கே பழைய தெருக்களில் எண்கள் ஒரு பக்கமாகவே ஒன்று, இரண்டு, மூன்று என்று போய், தெரு முடிந்த இடத்தில் மறுபக்கம் தாவி, அப்படியே திரும்பி வரும். எங்கள் வீடு தெரு முடிகிற இடம். அடுத்த எண் அகலமான தெருவின் அந்தப் பக்கத்தில், மரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. எந்த ராசா காலத்தில் எவன் போட்ட கணக்கோ, இன்றைக்கு வரைக்கும் ஒருவரும் மாற்றவில்லை. என் மனிதர் அவர்களைக் கூட்டிவரப் போய்விட்டார். நிறைகுடத்தை யார் எடுக்கப்போகிறார்கள் என்று நினைத்தாராம். ஊரில் கள்ளன்கூட அதில் கைவைக்க மாட்டான்தான்.

நான் இறங்கி வந்தபோது நடைபாதை வெறுமையாக இருந்தது. மேசை இல்லை. குடம் இல்லை. விளக்கு இல்லை. மகளுடைய பெட்டி மட்டும் வைத்தது வைத்தபடி இருந்தது. அதன் பக்கத்தில், சுவரோரமாக, வாழையிலையை மடித்து வைத்து அதன் மேல் தேங்காயை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சாப்பாட்டுச் சாமானைத் தரையில் வைக்கக் கூடாது என்ற மரியாதை போலும்.

முன்வீட்டுக் கீழ்த்தளத்தில் ஒரு வயதான ஜெர்மன் அம்மா இருக்கிறார். சன்னலில் தலையணை போட்டு, முழங்கையை ஊன்றி, தெருவைப் பார்த்துக்கொண்டே இருப்பவர். நான் கேட்பதற்கு முன்பே அவர் சிடுசிடுத்தார். தெருவில் வைத்தால் எடுக்கத்தானே செய்வார்கள் என்றார். ஒரு இளம் சோடியாம். நல்ல பிள்ளைகளாம். தண்ணீரை மரத்தடியில் ஊற்றி, விளக்குகளைக் கவனமாக ஊதி அணைத்துவிட்டுத்தான் தூக்கினார்களாம். தெருவில் நெருப்பு வைப்பது குற்றம் தெரியுமா என்று எனக்கும் ஒரு ஏச்சு விழுந்தது.

சம்பந்தம் பேச வருகிற நாளில், ஏற்றின விளக்கை வாயால் ஊதி அணைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பையனின் அம்மா இதைக் கேள்விப்பட்டால் ஏறின படியிலேயே திரும்பி இறங்கிப் போவார். ஞாயிற்றுக்கிழமை, எல்லாக் கடையும் பூட்டு; அவசரத்துக்கு எதையும் வாங்க வழியில்லை. வீட்டில் சில்வர் குடம் இருக்கிறது, அதை மேலே வைத்துச் சமாளிப்போம், யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு நடையூடாக ஓடினேன். பாதிப் படியில் தேங்காயின் ஞாபகம் வந்தது. திரும்பி ஓடினேன்.

மரக்கதவைத் திறந்தால் அவர்கள் நிற்கிறார்கள். என் கணவர் முகத்தில் இரத்தமில்லை. பையன் மகளுடைய பெட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். வெள்ளைச் சேலையில் அந்த அம்மா, இரண்டு கையாலும் தேங்காயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

“இது உங்கட தேங்காயோ?”

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோபம்தான் வந்தது. இந்த ஊரையும், அதன் எண்களையும், பின்வீட்டையும், ஊதி அணைத்த அந்த நல்ல பிள்ளைகளையும், பக்கத்தில் நின்ற என் மனிதரையும் சேர்த்துத் திட்டித் தீர்த்தேன். வருங்காலச் சம்பந்திக்கு முன்னால் பேசக்கூடாத சொல் ஒன்றிரண்டும் வந்துவிட்டது. பின்னால் வந்து நின்ற மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த அம்மா தேங்காயோடேயே நடையைக் கடந்தார், முற்றத்தைக் கடந்தார், மூன்று மாடியும் ஏறினார். பின்னால் ஏறிய எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்றே பட்டது. எங்கள் கதவுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார்.

“ரோட்டிலயோ வச்சனீங்கள்?”

“ஓம்.”

“நான் வாறன் எண்டோ?”

“வேற ஆருக்கு?”

அவர் தேங்காயை என் கையில் தரவில்லை. “அவர் போன பிறகு, ஒரு நல்ல காரியத்துக்குப் போனால் நான் பின்னுக்குத்தான் நிக்கிறனான். முன்னுக்கு வாங்கோ எண்டு ஒருத்தரும் சொல்லுறேல்லை,” என்றார். “எனக்கெண்டு நிறைகுடம் வச்சது நீங்கள்தான். அதையும் பாக்கக் குடுத்து வைக்கேல்லை.”

பிறகு உள்ளே போய், குசினியில் இருந்த சில்வர் குடத்தை அவரே கழுவித் தண்ணீர் நிறைத்து, தேங்காயை அதன்மேல் வைத்தார். மகள் செய்த வடையில் உப்புக் கூடிவிட்டது என்றும் சொன்னார். போகும்போது, அடுத்த முறை நீங்கள் வாருங்கள் என்றார்.

என் விளக்குகளைப் பற்றிய கோபம் மட்டும் ஆறவில்லை. கதவில் அறிவித்தல் ஒட்டினேன். ஞாயிறு தோறும் பழைய சாமான் சந்தையில் பித்தளை மினுங்குகிற இடமெல்லாம் குனிந்து பார்த்தேன். யாரோ ஒருவர் வீட்டு வரவேற்பறையில் என் கல்யாணக் குடத்துக்குள் காய்ந்த பூக்கொத்து நிற்கும் என்று நினைத்தால் இப்போதும் பத்திக்கொண்டு வருகிறது.

நிச்சயதார்த்தத்துக்கு நாங்கள் வுப்பர்டாலுக்குப் போனோம். ஆற்றுக்கு மேலே ரயில் தொங்கிக்கொண்டு ஓடுகிற ஊர். அவர்கள் வீட்டுத் தெருவில் திரும்பும்போதே கண்டேன். நடைபாதையில் மேசை, நிறைகுடம், இரண்டு பக்கமும் எரிகிற விளக்கு. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை. பட்டுச் சேலைக்கு மேலே குளிர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு அந்த அம்மா அதில் உட்கார்ந்திருந்தார்.

“நான் நிக்கிறன் எண்டு சொன்னனான், அம்மா விடுறா இல்லை,” என்றான் பையன்.

“உன்னை நம்பி விட ஏலாது. போனைப் பாத்துக்கொண்டு நிப்பாய்,” என்றார்.

உறவுக்காரர் ஒரு கூட்டம் கதவடியில் நின்றது. அதில் ஒரு பெண், அந்த அம்மாவுக்குப் பதிலாக மேசையில் இருந்த பன்னீர்த் தட்டத்தைத் தான் பிடிப்பதாக மெல்லக் கையை நீட்டினார். அந்த அம்மா அதைக் கவனிக்கவே இல்லை. எழுந்து, குளிர்ச் சட்டையைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, எல்லோருக்கும் முன்னால் வந்து நின்று பன்னீர்ச் செம்பை எடுத்தார்.

“வாங்கோ சம்மந்தி,” என்றார்.